திருவட்டார் வீட்டுக் குழு: ஆனி மழையும் ரப்பர் இலையும்

தங்கராஜ் மாமா: 📷 மேலத்தோட்டத்தில் இலை பச்சையாகவே கொட்டிக் கிடக்கிறது. காற்றா, நோயா? சுஜி மக்ளே, பார்த்துச் சொல்லு.

பினு அண்ணன்: நேற்று ராத்திரி அடித்த காற்றுதான் மாமா. எங்கள் முற்றத்து முருங்கையே ஒடிந்து கிடக்கிறது.

சுஜி: கீழே கிடக்கிறதில் ஒன்றைக் காம்போடு எடுத்து லேசாக உதறிப் பாருங்கள் மாமா. மூன்று இலையும் காம்பை விட்டுப் பொலபொலவென்று கழன்றால் நோய். காற்றில் விழுந்தது என்றால் அப்படிக் கழலாது. காம்பையும் கிட்டத்தில் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்.

லீலா மாமி: உதறிப் பார்த்தாச்சு. காம்பு மட்டும்தான் கையில் மிச்சம்.

தங்கராஜ் மாமா: 📷 காம்பில் கறுத்த புண் இருக்கிறது. அதன் நடுவே பால் ஒரு சொட்டு கசிந்து வெள்ளையாக உறைந்து நிற்கிறது.

சுஜி: அப்போ சந்தேகமே இல்லை, பைட்டோப்தோரா என்ற கிருமியால் வருகிற நோய். தென்மேற்குப் பருவமழையோடு வருவது. அந்த உறைந்த சொட்டு இருக்கிறதே, அது மரம் தன்னைக் காப்பாற்றப் பார்த்த அடையாளம்.

பினு அண்ணன்: பால் நமக்காக வருகிறது என்றல்லவா நினைத்தேன் 😄

சுஜி: நாம் நடுவில் புகுந்தவர்கள் அண்ணே. பாலில் ரப்பர் துகளோடு லூட்டாய்டு என்று நுண்ணிய பைகளும் மிதக்கும். காயம் பட்டதும் அவை உடையும், உள்ளே இருக்கிற ஹெவின் என்ற புரதம் வெளியே வரும். மொத்தமே 43 அமினோ அமிலம், அவ்வளவு சின்னது. ஆனால் இரண்டு வேலை பார்க்கும். ரப்பர் துகள்களைச் சேர்த்துப் பிடித்துப் பாலை உறைய வைத்துக் காயத்தை அடைக்கும். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற கெட்டிப் பொருள் உண்டு, அதில் போய் ஒட்டிக்கொண்டு பூஞ்சையை வளரவிடாது. கைட்டினை அறுக்கிற நொதிகளும் பாலிலேயே இருக்கின்றன. ரப்பர் கையுறை போட்டால் சிலருக்குக் கை தடிப்பதற்கும் இந்த ஹெவின் ஒரு முக்கியக் காரணம்.

தங்கராஜ் மாமா: பாலுக்காகப் பட்டையைச் சீவுகிற வெட்டுவாயில் பால் உறைந்து ஒட்டுப்பாலாகப் படிவதும் அதனால்தானா! அதை உரித்து எடுத்தால்தான் மறு வெட்டுக்குப் பால் ஓடும். மரம் அடைக்க அடைக்க நாம் திறந்துவிடுகிறோம் என்று சொல்லு.

லீலா மாமி: இவ்வளவு கையில் வைத்துக்கொண்டு இலை ஏன் கொட்டுது?

சுஜி: அங்கேதான் விஷயம் மாமி. பைட்டோப்தோரா பார்க்கத்தான் பூஞ்சை. உறவு என்று பார்த்தால் கடலில் இருக்கிற பழுப்புப் பாசிக்குத்தான் பக்கம். அதன் சுவர் குளுக்கனும் செல்லுலோஸும், கைட்டின் பெயருக்குத்தான். அதனால் ஹெவினுக்குப் பிடிக்க ஒன்றும் அகப்படாது. போதாததற்கு அதன் வித்துக்கு இரண்டு வால், இலையில் நிற்கிற தண்ணீரில் நீந்தியே போகும். முதலில் காயில் பிடிக்கும், அப்புறம் காம்புக்கு வரும். மழை விடாமல் பெய்தால் அதற்குக் கொண்டாட்டம்.

பினு அண்ணன்: கடல்பாசிக்குச் சொந்தமா! கடலோரத்துக் குளச்சல்காரன் மலையேறி வந்த மாதிரி இருக்கு 😂

சுஜி: 😂 இலையும் சும்மா விடாது. நோய் நுழைந்த இடத்தில் ஸ்கோபொலெட்டின் என்று ஒன்றைச் சுரக்கும். புறஊதா விளக்கில் பார்த்தால் நீலமாக ஒளிரும். சுற்றியுள்ள சில செல்கள் தாங்களாகவே செத்து வழியை அடைக்கவும் பார்க்கும். தாங்குகிற ரகங்களில் இதெல்லாம் சீக்கிரம் நடக்கும். மேலத்தோட்டம் என்ன ரகம் மாமா?

தங்கராஜ் மாமா: அது 600. வீட்டுப்பக்கம் 105. அங்கே இவ்வளவு கொட்டவில்லை.

சுஜி: நினைத்தேன். 600 மலேசியாவில் உருவான ரகம், இந்த நோய்க்கு லேசில் விழும். 105 நம் கோட்டயம் ஆராய்ச்சி நிலையத்து ரகம், ஓரளவு தாங்கும். ஆனால் கவட்டையில் இளஞ்சிவப்பாகப் படர்கிற நோய் 105க்கு லேசில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கராஜ் மாமா: சரி, நாளைக்கு மழை விட்டால் போர்டோ கலவை மருந்து அடித்துவிடவா? அதற்கு வேண்டிய துரிசு, அதுதான் மயில்துத்தம், குலசேகரத்தில் கிடைக்கும்.

சுஜி: இப்போது அடித்தால் காசுதான் போகும். துரிசில் இருக்கிற செம்பு இலைமேல் படிந்து நோயின் வித்தை முளைக்கவிடாது, அவ்வளவுதான். உள்ளே போனதை ஒன்றும் செய்யாது. மழை தொடங்கும் முன்னே, மே மாதத்தில் அடிக்க வேண்டும். 1 கிலோ துரிசு, 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துரிசுக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றணும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்பு வாளி வேண்டாம்.

தங்கராஜ் மாமா: மே மாதம் மேலே ஏறி அடிக்க ஆள் யார் வருவார்கள்? அதுதான் பெரிய நோய்.

பினு அண்ணன்: இப்போதே சொல்லி வையுங்கள் மாமா. நானும் வருகிறேன்.

சுஜி: இப்போதைக்கு வெட்டுவாய்ப் பட்டையைப் பாருங்கள். அங்கேயும் இதே நோய் இறங்கும். பட்டையைச் சீவினால் உள்ளே கறுப்புக் கோடு தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அந்த மரத்தில் பால் வெட்டை நிறுத்திவிட்டு மான்கோசெப் என்ற செம்பு இல்லாத மருந்தைப் பூசுங்கள். அங்கே செம்பு மருந்து வேண்டவே வேண்டாம். பாலில் செம்பு கலந்தால் ரப்பர் ஷீட் கெட்டுவிடும்.

லீலா மாமி: கொட்டின இலையை ஆடு தின்னலாமா மக்ளே?

சுஜி: வேண்டாம் மாமி! மரச்சீனி (மரவள்ளி) இலையில் இருக்கிற அதே சமாச்சாரம் இதிலும் உண்டு. கடித்து நசுங்கினால் சயனைடு வரும். அதுவும் மரத்தின் தற்காப்புதான்.

லீலா மாமி: காலையிலேயே அவிழ்த்து விட்டாச்சே. பினு, நீதானே பக்கத்தில், ஓடிப்போய்ப் பாரு!

பினு அண்ணன்: கிளம்பிட்டேன் மாமி. கயிறு எங்கே கிடக்கு?