அன்ரனி கல்வியோ: நெஞ்சை விட்டு அகலாத ஒரு கணம், உங்கள் அனுபவங்கள்

வடகாற்று (மொன்றியல்)

அந்தப் பந்து பறந்ததை நான் பார்க்கவில்லை. மைதானத்துக்குள் இருந்தும் பார்க்கவில்லை என்பதுதான் இத்தனை வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கல்வியோ கனடிய ஃபுட்போல் லீக்கில் எங்கள் மொன்றியல் அலுவெட்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்; என் கண்ணில் எல்லாரிலும் மேலானவர். 2011 ஒக்டோபர் 10, நன்றி நவிலல் நாள் திங்கட்கிழமை, மோல்சன் மைதானத்தில் ரொறன்ரோ ஆர்கோனாட்ஸ் அணியுடனான ஆட்டம். பந்தெறிந்து முன்னேறிய தூரத்தில் டேமன் அலனின் 72,381 யார்ட் சாதனையைக் கல்வியோ அன்றே தாண்டிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு வர முடியாமல் போனதால் அவருடைய இரண்டு நுழைவுச்சீட்டுகள் என் கைக்கு வந்தன. ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மக்கில் மெட்ரோவில் இறங்கி, மலைப்பக்கம் ஏறும் வீதியில் நடந்து போனோம். மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் இரண்டு நிமிடம் பொறு என்று சொல்லிப் பார்த்தேன், அவளால் முடியவில்லை. இருக்கைகளுக்குக் கீழேயிருந்த கொங்கிறீற் நடைபாதையில், பெண்கள் கழிப்பறையின் வாசலில் அவளுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது நடந்தது. முதலில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு தலைக்கு மேலிருந்த கூரை இடியாய் முழங்கியது, காலடியில் தரை அதிர்ந்தது. மகள் ஈரக்கையோடு ஓடிவந்து, "என்னப்பா சத்தம்?" என்று கேட்டாள்.

நாங்கள் மேலே ஏறி வந்தபோது ஆட்டம் நின்றிருந்தது. கல்வியோ தன் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் தரையில் நின்றுகொண்டிருந்தார். ஜமேல் ரிச்சர்ட்சனுக்கு 50 யார்ட் எறிதல், டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளி), கால்பகுதியின் கடைசி நகர்வு என்று பக்கத்து இருக்கைக்காரர் பிரெஞ்சில் சொன்னார். காணொளியில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஆனால் காணொளியில் காலடியில் கொங்கிறீற் அதிர்வதில்லை.

1997 இல் யூ2 இசைக்குழுவின் நிகழ்ச்சிக்காக ஒலிம்பிக் மைதானம் போய்விட்டதால்தான் அலுவெட்ஸ் இந்தச் சின்ன மைதானத்துக்கு வந்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பெரிய கூரைக்குள் நடந்திருந்தால் அந்த அதிர்வு எனக்கு எட்டியிருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பச்சைச்சட்டை (ரெஜைனா)

நான் எதிர்ப்பக்கத்துக்காரன். லீக்கின் 2009 கிரே கிண்ண இறுதி ஆட்டத்துக்காக ரெஜைனாவிலிருந்து கல்கரிக்குச் சுமார் எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனவன். நான்காம் கால்பகுதியில் எங்கள் சஸ்காட்சுவான் ரஃப்ரைடர்ஸ் மொன்றியலுக்கு எதிராக 27-11 என்று முன்னிலையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேரம் முடிந்தது, மொன்றியலின் டேமன் டுவால் 43 யார்டிலிருந்து உதைத்த பந்து விலகிப் போனது, நாங்கள் வென்றுவிட்டோம். முன்பின் தெரியாத ஒரு முதியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தபோது புல்தரையில், விதிமீறலைக் காட்ட நடுவர் வீசும் செம்மஞ்சள் கொடி ஒன்று கிடந்தது. அந்தக் கொடியை முதலில் கண்டது நான்தான். ஆனால் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு பேர் நிற்கவேண்டிய இடத்தில் எங்கள் அணியில் பதின்மூன்று பேர் நின்றிருந்தார்கள். அதனால் மொன்றியலுக்குக் கிடைத்த இரண்டாவது உதை 33 யார்டிலிருந்து உள்ளே போனது, 28-27 என்று தோற்றோம். அந்த முதியவர் என் கையை விடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வடகாற்று அண்ணா. இருபது பருவங்கள் விளையாடியவருக்கு யார்ட்டுகள் சேரத்தான் செய்யும். எட்டு இறுதி ஆட்டங்களில் மூன்றில் வென்று ஐந்தில் தோற்றவரை, அந்த மூன்றில் ஒன்று எங்கள் தவறால் கிடைத்திருக்கும்போது, எல்லாரிலும் மேலானவர் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் கேட்டால் எங்கள் பழைய குவாட்டர்பேக் ரோன் லங்காஸ்டரின் பெயரைத்தான் சொல்வார்கள். 1966 இல் சஸ்காட்சுவானுக்கு முதல் கிரே கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் அவர். 50,535 யார்ட்டோடு ஓய்வுபெற்றபோது அதுவே லீக்கின் சாதனை. பிறகு தலைமைப் பயிற்றுநராக 1993 இல் எட்மன்ரனோடும் 1999 இல் ஹமில்ரனோடும் கிண்ணத்தை வென்றார். குவாட்டர்பேக்காக இருந்து பயிற்றுநரானவர்களை அளக்க வேண்டிய கோல் அவர்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பனிமலை (மொன்றியல்)

பச்சைச்சட்டை தம்பிக்கு: பதின்மூன்றாவது ஆள் உங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 27-11 ஐ 27-25 ஆக்கியது யாருடைய தவறு? உதைப்பவர் அந்த இடத்தில் வந்து நிற்பதற்கு முதலில் ஒருவர் பந்தை அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 2002 கிரே கிண்ண இறுதி ஆட்டத்தில் எட்மன்ரனின் உறைந்த தரையில் பட் வுட்கொக்குக்கு 99 யார்ட் டச்டவுன் எறிந்ததையும் தவறால் கிடைத்தது என்பீர்களா? அவர் வெறுமனே நீண்டகாலம் விளையாடியவர் அல்லர்; 2003, 2008, 2009 ஆகிய மூன்று வருடங்களில் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றவர். 79,816 யார்ட், 455 டச்டவுன் எறிதல்கள் என்ற கணக்கை நீண்ட ஆயுளின் பலன் என்று ஒதுக்கிவிட முடியாது. அத்தனை வருடம் அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதே ஒரு திறமை.

என்னுடைய அனுபவம் சிறியது. என் மகன் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், 2019 இலையுதிர்காலத்தில், ஒரு மாலை அவனை ஏற்றிக்கொண்டு போகச் சீக்கிரமே போய்விட்டேன். பல்கலைக்கழகத்தின் கரபன்ஸ் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. அலுவெட்ஸிலும் பிறகு 2018 இல் ரொறன்ரோவிலும் பயிற்றுநராக இருந்த கல்வியோ அந்த வருடம்தான் பல்கலைக்கழக அணிக்கு வந்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இளம் குவாட்டர்பேக் ஒருவன் ஒரே எறிதலைத் திரும்பத் திரும்ப எறிந்துகொண்டிருந்தான். பந்து எங்கே விழுகிறது என்று கல்வியோ ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து அந்தப் பையனின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எறிதல் சரியாகப் போனபோதும் தலையை ஆட்டி மறுபடி எறியச் சொன்னார், தவறியபோது ஒருமுறை கை தட்டினார். அது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. காரில் வரும்போது மகனிடம் கேட்டேன். கால் சரியாக இருந்தால் பந்து தவறினாலும் பரவாயில்லை அப்பா, கால் பிழையாக இருந்து பந்து சரியாகப் போனால்தான் ஆபத்து என்றான். அந்த அணி அந்த நவம்பரில் பல்கலைக்கழகங்களுக்கான வேனியர் கிண்ண இறுதி ஆட்டத்தில் கல்கரியிடம் தோற்றது. எண்களை மட்டும் பார்க்கிறவர்கள் அதையும் தோல்விக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

கார்த்திகைப்பூ (லவால்)

எனக்கு ஆட்டத்தின் விதிகள் சரியாகத் தெரியாது. ஆனால் 2010 நவம்பரில் அலுவெட்ஸ் சஸ்காட்சுவானை 21-18 என்று வென்ற இரவு, தன் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் ஒரு கட்டி இருப்பதாகவும் அறுவைச் சிகிச்சை செய்யப்போவதாகவும் கல்வியோ சொன்ன செய்தியை, அதே போன்ற ஒரு மருத்துவ அறிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டவள் நான். கணவருக்கு அதுவரை சொல்லவில்லை. அந்தச் செய்தி முடிந்ததும் எழுந்து போய் அறிக்கையை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

கல்வியோவுக்கு அந்தக் கோடையில் நெஞ்சில் பட்ட அடிக்காகப் பரிசோதனை செய்தபோது தற்செயலாகத்தான் அது தெரியவந்தது. அதனால் இதை வாசிக்கிற எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, நான் சொல்ல விரும்புவது இதுதான். கண்ணாடியின் முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்துக் கழுத்தைக் கவனியுங்கள். புதிதாக ஏதாவது புடைப்புத் தெரிந்தாலோ, குரல் கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, குடும்ப வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. அதை அறிய ஒலியலைப் படமும், தேவைப்பட்டால் மெல்லிய ஊசிப் பரிசோதனையும் செய்வார்கள். ஊசிக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் மாத்திரை எடுக்கவேண்டும். அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுங்கள். பால் தேநீரோடு விழுங்குவது நம் வீடுகளில் நடக்கிற பெரிய பிழை. இரும்புச்சத்து மாத்திரையோ கல்சியம் மாத்திரையோ எடுப்பவர்கள் நான்கு மணிநேர இடைவெளி விடவேண்டும். இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

2007 இல் இரண்டாவது மகள் பிறந்த கையோடு கல்வியோவின் மனைவிக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டபோது, பருவம் முடிவதற்கு முன்பே அணியை விட்டு அவர் வீட்டுக்குப் போனார். சாதனைகளைப் பற்றி வாதிடுகிற தம்பிமார் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைச்சட்டை (ரெஜைனா)

அக்கா, நான் யார்ட்டுகளைப் பற்றித்தான் பேசினேனே தவிர மனிதரைப் பற்றி அல்ல. 2013 ஓகஸ்டில் அவர் தலையில் அடிபட்டு வெளியேறியது எங்கள் ரெஜைனா மைதானத்தில்தான். அவர் அதற்குப் பிறகு விளையாடவே இல்லை. அன்று எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்தபோது நான் எழுந்து நிற்கவில்லை. இதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பழைய பட்டறை (ஹமில்ரன்)

நீங்கள் எல்லோரும் மொன்றியல் கல்வியோவைப் பேசுகிறீர்கள். நான் கண்டது 1997 இன் ஹமில்ரன் கல்வியோவை. லாஸ் வேகாஸில் ஒரு வருடம் விளையாடி, அந்த அணி இல்லாமல் போனபின் இங்கே வந்தவர். அந்தப் பருவத்தில் ஹமில்ரன் இரண்டு ஆட்டங்களில் வென்று பதினாறில் தோற்றது. நான் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பட்டறையில் மேற்பார்வையாளர் யாருக்கும் வேண்டாத நுழைவுச்சீட்டுகளை எங்களிடம் கொடுத்துவிடுவார். ஐவர் வின் மைதானத்தின் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்து, மூன்று முயற்சிக்குள் பத்து யார்ட் போகவேண்டும் என்பதுகூடத் தெரியாமல் பார்த்தேன். ஒரு எறிதல் எதிரணியின் கைக்குப் போனது. சுற்றியிருந்தவர்கள் கூவத் தொடங்கினார்கள். நானும் எழுந்து நின்று, அந்த வாரம் முழுவதும் பட்டறையில் என்னைப் பார்த்துக் கத்தப்பட்ட அதே ஆங்கிலச் சொற்களை, எனக்கிருந்த மூச்சையெல்லாம் கொடுத்து அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாங்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். எங்களைவிட ஒன்றிரண்டு வயது கூடியவராக இருப்பார், அவ்வளவுதான். அடுத்த வருடம் மொன்றியலுக்குப் போய்விட்டார். பிறகு நடந்தவற்றை மேலே எழுதியிருக்கிறீர்கள்.

2023 நவம்பர் 19 அன்று கிரே கிண்ண இறுதி ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. ஐவர் வின் மைதானத்தை இடித்துவிட்டு அதே காணியில்தான் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். பழையது கிழக்கு மேற்காகக் கிடந்தது, புதியது வடக்கு தெற்காக. ஆகவே நான் நின்று கத்திய இடம் எது என்று எவ்வளவு யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது ஒரு முனைக்கு அருகே புல்தரைக்குள் வந்துவிட்டிருக்க வேண்டும். வினிபெக் 24-21 என்று முன்னிலையில் இருந்தது. 13 விநாடிகள் மீதமிருக்கையில் அலுவெட்ஸின் கோடி ஃபஹார்டோ எறிந்த பந்தை டைசன் ஃபில்போட் பிடித்து டச்டவுன் ஆக்கினார். அலுவெட்ஸ் 28-24. கல்வியோ அந்த அணியின் பயிற்றுநர் குழுவில் இருந்தார் என்பதற்காகவே நான் அந்தச் சீட்டுக்குக் காசு கொடுத்திருந்தேன். எல்லோரும் புல்தரைக்குள் ஓடினார்கள். வண்ணத்தாள் துண்டுகள் மழையாகக் கொட்டின. அத்தனை முகங்களுக்குள் அவரை என்னால் அடையாளம் காண முடியவில்லை. பணியாளர்கள் தாள்களைக் கூட்டத் தொடங்கும்வரை முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி வந்து தோளைத் தொட்டபோதுதான் புறப்பட்டேன்.