பழைய புகை பைப், தண்டு கழலவில்லை, அவசரம்

தேயிலைத்தூசி:
வணக்கம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பைப் கிடைத்தது. உள்ளே ஒரே கரி, நாற்றம் வேறு. வாயில் வைக்கும் தண்டு பச்சையும் பழுப்புமாகிக் கிடக்கிறது, கழற்றவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வருகிறார், அதற்குள் சுத்தம் செய்ய வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

குமுளிக்காரன்:
படம் எங்கே தம்பி? மரமா, களிமண்ணா, மீர்ஷாம் என்கிற வெள்ளைக் கல்லா? தண்டு திருகாணி வைத்ததா, வெறும் செருகலா? சித்தப்பா புகைப்பாரா, அலமாரியில் வைப்பாரா?

சித்தூர்_மணி:
எந்த ஊர்?

தேயிலைத்தூசி:
வண்டிப்பெரியாறு, இடுக்கி மலைப்பக்கம். மரம்தான். படம் ஏறவில்லை, நெட் மோசம்.

ஏலக்காடு65:
ஊரைச் சொன்னதும் விளங்கிவிட்டது. மழைக்கு மரம் ஊறிப் பெருத்துத் தண்டைக் கவ்வியிருக்கும். ஏலக்காய் ஸ்டோரில், அதுதான் சூடேற்றிக் காய் உலர்த்தும் அறையில், ஒரு ஓரமாகத் தொங்கவிடுங்கள், தானாக விட்டுவிடும். எங்கள் வீட்டுக் கதவே ஆடி முடியும்வரை சாத்த வராது.

பட்டறைவாசி:
ஸ்டோர் சூட்டில் மரம் வெடிக்கும். இதை எத்தனை தடவை எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. சரி, கேளுங்கள். புகையிலை போடும் கிண்ணம் பெரும்பாலும் பிரையர், அதாவது மத்தியதரைக்கடல் பக்கம் வளரும் ஒரு செடியின் வேர்முண்டு. தண்டு எபோனைட், கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் பச்சையாகிறது. குளிரில் இந்த ரப்பர் மரத்தைவிட அதிகம் சுருங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் அரைமணி வையுங்கள். எடுத்ததும் தண்டும் மரமும் சேரும் இடத்தை ஒட்டிப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டாமல் மெதுவாகச் சுற்றுங்கள். புகைத்த சூட்டோடு இழுத்தால் மரம் பிளந்துவிடும்.

குமுளிக்காரன்:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் என் கணக்கில் இது புகையின் தார்ப் பிசுக்கு ஒட்டியது. தண்டுத் துளையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு ஊறவிட்டால் போதும். பாலிஷ்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிட் வேண்டாம், மெத்தனால் கலந்திருக்கலாம். வாயில் வைக்கும் பொருள்.

சித்தூர்_மணி:
ரம் ஊற்றினால் ஆகாதா?

குமுளிக்காரன்:
ஓட்கா ஆகும், ரம்மில் இனிப்புப் பிசுக்கு தங்கும். தவிர, பெவ்கோ (கேரள அரசு மதுக்கடை) வரிசையில் நின்று வாங்கிய ரம் பைப்புக்குள்தான் போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பட்டறைவாசி:
கழன்ற பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கரியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், விரலில் சுற்றிய உப்புத்தாள் போதும். முழுக்கவும் எடுக்க வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். அதற்கு மேல் தடித்த கரி சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். நாற்றத்துக்குக் கிண்ணம் நிறையப் பஞ்சு அடைத்து, ஆல்கஹாலில் நனைத்து ஒரு ராத்திரி வையுங்கள். பஞ்சு பழுப்பேறும். மாற்றி மறுபடி. சிலர் உப்பு போடச் சொல்வார்கள், வேண்டாம். புகைத்துளைக்குக் கோழி இறகு நன்றாகப் போகும். தண்டை 400, 1000, 2000 என்று நம்பர் வரிசையில் தண்ணீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துவிட்டுப் பாலிஷ்.

சித்தூர்_மணி:
கடைசியில் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் மரம் பளபளக்கும்.

பட்டறைவாசி:
எண்ணெய் உள்ளே இறங்கிப் பிசுபிசுக்கும், காறும். கார்னூபா மெழுகு தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஏலக்காடு65:
சுத்தமான தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாது சார். எங்கள் பக்கம் மார்கழியில் கல்லாக உறைந்துவிடும், கம்பியால் குத்தித்தான் எடுப்போம். உறையாவிட்டால் பாமாயில் கலந்தது.

சித்தூர்_மணி:
எங்கள் வீட்டு எண்ணெய் உறைவதே இல்லை. செக்கில் கண்ணெதிரே ஆட்டியது. அது கலப்படமா?

ஏலக்காடு65:
சித்தூர் வெயிலில் எது உறையும்? 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும். நான் சொன்னது மலைக்கு.

சித்தூர்_மணி:
முதலில் அப்படிச் சொல்லவில்லையே!

குமுளிக்காரன்:
ரெண்டு பேரும் எண்ணெய்க்குத் தனி இழை போடுங்களேன்.

தேயிலைத்தூசி:
ஃப்ரீசரில் வைத்தேன், கழன்றுவிட்டது. நன்றி அண்ணே. மூட்டில் கறுப்பாக ஒரு வளையம் இருக்கிறது. தேய்த்துப் பார்த்தால் நங்கூரமும் சிங்கமும் தெரிகின்றன. பித்தளைதானே?

பட்டறைவாசி:
வளையம் இருப்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். அது வெள்ளி. நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங், அதாவது உயர்தர வெள்ளி என்பதற்கு அடையாளம்; நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர முத்திரை. பக்கத்திலுள்ள ரப்பரின் கந்தகமே கறுக்க வைக்கும். தேய்ப்பதை இத்தோடு நிறுத்துங்கள், முத்திரை மழுங்கிவிடும். கூடவே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், செய்த ஆண்டு அதில்தான் தெரியும். என்ன எழுத்து?

குமுளிக்காரன்:
படம் போடு தம்பி.

ஏலக்காடு65:
ஞாயிறும் போய்விட்டது. சித்தப்பா வந்தாரா?

பட்டறைவாசி:
எழுத்து என்ன என்று கேட்டிருந்தேன்.

சித்தூர்_மணி:
பாட்டிலை நேற்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். உறைந்துவிட்டது. கலப்படம் இல்லை.