பொருள்: ஜம்பர் – துருசா, பாலமூடியா?

அண்ணை, வணக்கம்.

பெயர் அச்சிடாத விரிவாக்க அட்டைகளை இனங்காணும் கைநூலில் ‘ஜம்பர்’ (அட்டையில் இரண்டு முள்ளை இணைக்கும் சிறு மூடி) வரும் இடமெல்லாம் ‘துருசு’ என்று போடலாமா? இரணைமடுக் குளத்தில் துருசை, அதாவது மதகுக் கதவை, திறந்தால் வாய்க்காலில் தண்ணி ஓடும். இரண்டு முள்ளில் மூடியை மாட்டினால் மின் ஓடும். வன்னியில் இது விளங்காத ஆள் இல்லை. ‘தாவி’, ‘குதிப்பி’ இரண்டும் வேண்டாம்; அந்தப் பொருள் எங்கேயும் தாவுவதில்லை.

கையில் உள்ள அட்டை: செருகுவிளிம்பில் பக்கத்துக்கு 31 தொடுமுனை, இடைவெளி விட்டு மேலும் 18. ஆகவே பழைய கணினிகளின் 16 பிட் ஐஎஸ்ஏ செருகிக்கான அட்டை. 34 முள், 40 முள் வரிசைகள், 25 துளை இணைப்பி, இரண்டு 16450 சில்லுகள். சில்லில் 9123 என்று உள்ளது; 1991ஆம் ஆண்டு 23ஆம் வாரம்.

– மாங்குளம்

தம்பி,

34 நெகிழ்வட்டுக்கு, 40 வன்தட்டுக்கு, 25 துளை அச்சுப்பொறிக்கு, 16450 தொடர் துறைக்கு. பல துறைகளை ஒன்றாகச் சேர்த்த அட்டைதான், சந்தேகமில்லை.

சொல்லுக்கு மட்டும் நான் உடன்படேன். துருசு என்பது மயில்துத்தத்துக்கும் (நீல நிறச் செப்பு உப்பு) பெயர். பழைய தாய்ப்பலகையில் நிக்கல்-கட்மியம் பற்றரி கசிந்தால் செப்புத் தடமெல்லாம் நீலப்பச்சையாகப் பூத்துவிடும். அந்த வேளையில் ‘துருசை அகற்று’ என்று வாசிப்பவர் வினாகிரியும் பிறஷும் தேடுவார். மேலும், துருசை அரைவாசி திறக்கலாம். இதற்கு அரைவாசி கிடையாது.

‘பாலமூடி’ என்று வைப்போம். மூடி என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள், பாலம் அது செய்யும் வேலை. முள்ளுக்குப் ‘பாலமுள்’. ‘பாலமூடியை 2-3க்கு மாற்று’ என்றால் பிழையாகச் செய்ய வழியில்லை.

கைநூலில் இதையும் சேர்: எந்தப் பாலமூடியையும் தொடமுன் இரு பக்கமும் படம் எடுக்கவேண்டும். கையேடு கிடைக்காத அட்டைக்கு அந்த நிலைகள்தான் சான்று. அச்சுத் துறைக்கு 378, 278 என்ற பதினறும முகவரிகளில் ஒன்றைப் பாலமூடிதான் தெரிவுசெய்யும். தாய்ப்பலகையிலும் 378 இருந்தால் இரண்டும் மோதி, அச்சு வராது.

செருகமுன் மல்ரிமீற்றரால் அளக்கவேண்டும். ஈயப்பற்றுப் பக்கத்தில், உலோகத் தகட்டு முனையிலிருந்து எண்ணினால் 1ஆவது தரை, 3ஆவது 5 வோல்ற், 9ஆவது 12 வோல்ற். தரைக்கும் இவற்றுக்கும் இடையே தடை சுழியை ஒட்டி நின்றால் தந்தாலக் கொள்ளளவி (மின்னைச் சேமிக்கும் சிறு உறுப்பு) உள்ளே குறுக்குச்சுற்றாகியிருக்கக்கூடும். 12 வோல்ற் தடத்தில் உள்ளது என்றால் மின் கொடுத்தவுடன் வெடித்து எரியக்கூடும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம்.

– வவுனியா

அண்ணை,

பாலமூடியே நல்லது, மாற்றிவிட்டேன். சிறு ஆளி வரிசை உள்ள அட்டைகளுக்குப் பாடநூலில் உள்ள ‘ஆளி’ போதும். தொலையாமல் இருக்க ஒரு முள்ளில் மட்டும் மாட்டி விட்டிருப்பார்களே, அதற்குத் ‘தொங்குமூடி’ என்று தனிப்பெயர் கொடுக்கிறேன். அது எதையும் இணைப்பதில்லை. படத்தைப் பார்த்து நிலை எழுதுபவர் அதை இணைப்பாகக் கணக்கெடுத்தால் முகவரி பிழைத்துவிடும்.

– மாங்குளம்