கடைக் குசினிப் புகைக்கூடு துப்புரவாக்க லைசென்ஸ் வேணுமோ?

கரைச்சித்தம்பி:
கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் கொத்துக் கடைகள், கலியாண மண்டபக் குசினிகளின்ர புகைக்கூடு, குழாய், விசிறி துப்புரவாக்கிற வேலை தொடங்கப் போறன். வெளிநாட்டில இதுக்குச் சான்றிதழ் குடுக்கினமாம். அதை எடுத்தால் இங்க செல்லுமோ? எத்தினை மாதத்துக்கு ஒருக்கா கழுவ வேணும்?

பொஸ்ரன்வாசி:
தம்பி, அமெரிக்காவில என்எஃப்பிஏ எண்ட தீப்பாதுகாப்புச் சங்கத்தின்ர 96 எண்ட நெறிதான் அடிப்படை. பயிற்சியும் சான்றிதழும் உள்ள, அந்த இடத்து அதிகாரி ஏற்றுக்கொள்ளுற ஆள்தான் பரிசோதிக்க வேணும் எண்டு அது சொல்லுது. மாசசூசெட்ஸில மாநிலத் தீயணைப்புத் துறையே தகுதிச் சான்றிதழ் குடுக்குது. ஐ.கே.ஈ.சி.ஏ. எண்ட குசினிப் புகைக்கூடு துப்புரவாளர் சங்கத்திலயும் எடுக்கலாம். துப்புரவாளருக்கு ஒண்டு, பரிசோதகருக்கு வேறொண்டு. இதெல்லாம் அங்கத்தைய அதிகாரிக்குக் காட்டிற கடுதாசி, கிளிநொச்சியில உரிமமாகாது. படிப்புக்கு மட்டும் உதவும்.

கால அளவைக் கனபேர் பிழையா விளங்கினம். விறகு, கரி எண்டால் மாதம் ஒருக்கா. நாள் முழுக்கத் தாச்சி கொதிக்கிற கடை 3 மாதம். நடுத்தரம் 6 மாதம். எப்பவாவது எரியிற அடுப்பு வருசம். இது பரிசோதிக்கிற கணக்கு. கழுவிற முடிவைப் பிசுக்கின்ர தடிப்புத்தான் சொல்லும்: 2 மி.மீ. வந்தால் கழுவ வேணும், கழுவினாப் பிறகு 50 மைக்ரோனுக்கு (0.05 மி.மீ.) மேல நிக்கக்கூடாது. திருவிழாவுக்கு மட்டும் எரியிற மடப்பள்ளியும் விறகெண்டால் மாதக் கணக்குத்தான்.

வவுனியாத்_தகரவேலை:
தொழில் பேரைப் பிரதேச செயலகத்தில பதிஞ்சு வையுங்கோ. கடைக்காரரின்ர வியாபார உரிமம் சபையில, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாக்கிறதும் அவையின்ர கடையைத்தான். அதால உங்கட அறிக்கை கடைக்காரர் கையில இருக்க வேணும்: திகதி, ஆர் செய்தது, முக்கியமா எந்த இடத்துக்குக் கை எட்டேல்லை எண்டது.

எங்கட பக்கம் பெரிய சிக்கல் குழாய்தான். மெல்லிய தகரத்தை ரிவெட் அடிச்சுப் பொருத்தியிருப்பினம், திறக்க ஒரு கதவும் இராது. கூட்டை மட்டும் மினுக்கிப்போட்டுக் காசு வாங்கினால், முழங்கை வளைவுக்குள்ள பிசுக்கு அப்பிடியே கிடக்கும். தாச்சியில தீ எழும்பினால் அதுக்குள்ளதான் பிடிக்கும். படுக்கைக் குழாயில 12 அடிக்கு ஒரு கதவு வெட்டச் சொல்லுங்கோ. கிடுகுக் கூரைக்கும் குழாய்க்கும் இடையில 18 அங்குலமாவது வேணும். சோழகம் அடிக்கேக்க கூரையில விழுகிற ஒரு தணலே காணும்.

கரைச்சித்தம்பி:
நன்றி அண்ணை. கூட்டில இருக்கிற பிசுக்கு வடிகட்டியைக் கோஸ்டிக் சோடாவில ஊறவிடலாமோ?

வவுனியாத்_தகரவேலை:
அலுமினியம் எண்டால் கூடாது. கறுத்து அரிச்சுப் போகும், வாற வாயு ஐதரசன், நெருப்புப் பிடிக்கும். கொதிதண்ணியும் சவர்க்காரமும் போதும். உருக்கெண்டால் கோஸ்டிக் பாவிக்கலாம், கையுறை கண்ணாடியோட; சோடாவைத் தண்ணிக்குள்ளதான் போட வேணும், சோடா மேல தண்ணி ஊத்தக்கூடாது.

வேலை விசிறியில தொடங்கிக் கீழ வரட்டும். முதல்ல விசிறியின்ர கரண்டை மெயினில நிப்பாட்டிப் பூட்டுப் போடுங்கோ. அடுப்புகளைப் பொலித்தீனால மூடி, கூட்டுக்குக் கீழ புனல் மாதிரிக் கட்டி வாளிக்குள்ள இறக்குங்கோ. தடிச்ச பிசுக்கைச் சுரண்டி எடுத்தாப் பிறகுதான் சுடுதண்ணி அடிக்கிறது. எடுத்த பிசுக்கை வாய்க்காலில ஊத்தாதேங்கோ, ஆறினதும் உறைஞ்சு அடைச்சுப்போடும். வலை வடிகட்டி இருந்தால் தடுப்புத் தகடு (பாஃபிள்) வடிகட்டிக்கு மாத்தச் சொல்லி அறிக்கையிலயே எழுதுங்கோ. வலை தீயை மறிக்காது.