“இந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தெரியாது” என்று உங்களிடமும் சொன்னார்களா?

தக்கலையிலிருந்து:

பேறுகாலம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்களைப் போய்ப் பார்த்து, பால் கொடுக்கும்போது கூட இருந்து உதவும் சில அம்மாக்களில் நானும் ஒருத்தி. சம்பளம் எல்லாம் கிடையாது. கிராம சுகாதார செவிலியர் “அந்த வீட்டை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க” என்பார், போவோம். பெரும்பாலும் காம்பு வெடிப்பு, பால் கட்டிக்கொள்வது, சேனை வைத்தே தீருவேன் என்று நிற்கும் மாமியார், இவ்வளவுதான் பிரச்சினை.

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள குழந்தை இருக்கும் வீடு வேறு மாதிரி. சமீபத்தில் போன வீட்டில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பாட்டி சொல்லிவிட்டார்: “அது குடிக்காது மக்களே, அதுக்குக் குடிக்கத் தெரியாது.” யார் சொன்னது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சரி, பால் கொடுக்கும்போது யாராவது முழுசாக உட்கார்ந்து பார்த்தார்களா? அப்படி யாரும் பார்க்கவில்லை.

உட்கார்ந்து பார்த்தால் விஷயம் தெரிகிறது. இந்தக் குழந்தைகளுக்குத் தசைகள் தளர்வாக இருக்கும், நாக்கு வெளியே தள்ளும், தாடை சீக்கிரம் களைத்துவிடும். நாலு உறிஞ்சல், உடனே தூக்கம். பசித்தாலும் அழுது கேட்காது. அதனால் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே எழுப்ப வேண்டும். துணியைக் கழற்றி அம்மாவின் நெஞ்சில் வெற்றுடம்போடு போட்டாலே பாதி விழிப்பு வந்துவிடும்.

அங்கே செய்தது இதுதான். முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சிப் பாலை இறங்க வைத்தோம், இறங்கிய பாலைக் குடிக்கக் குழந்தை அவ்வளவு பாடுபட வேண்டாம். தலை இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வைத்தோம். அம்மா மூன்று விரலால் மார்பைத் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குழந்தையின் இரண்டு கன்னத்திலும் மெதுவாக வைத்தாள். தாடை அந்த இரு விரலுக்கும் நடுவில் உட்காரும். பிடி நழுவுவது அப்போதே குறைந்தது. உறிஞ்சுவது நிற்கும்போது மார்பை லேசாக அமுக்கினால் மறுபடி விழுங்குகிறது. கடைசியில் மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில், அதுதான் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுத்தோம். வாரக்கணக்கில் மார்பும் பாலாடையுமாகத்தான் ஓடியது. இப்போது பாலாடை அலமாரியில் கிடக்கிறது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். சரியாக வராமல் போனதையும்.

குளச்சலிலிருந்து:

அக்கா, என் மகனுக்கு இதயத்தில் ஓட்டை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும் என்றும், குழாய் வைத்துப் பார்க்கும்போது இதயத்தில் வேறு சத்தம் கேட்காவிட்டாலும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும். அது சோம்பல் இல்லை, பால் குடிப்பதே அவனுக்கு ஓட்டப்பந்தயம் மாதிரி.

கொஞ்ச காலம் மூக்கில் குழாய். நான் பீய்ச்சிக் கொடுப்பேன், குழாய் வழியாகப் போகும். வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போய்விட்டார், மாமியார்தான் துணை. அவர் தினமும் பால்சுறாப் புட்டு. அதனால் பால் ஊறியதா தெரியாது, ருசியாக இருந்தது! பாலை வற்றவிடாமல் வைத்தது ராத்திரியும் எழுந்து எழுந்து பீய்ச்சியதுதான். இரவும் பகலுமாக எட்டுத் தடவைக்குக் குறையக் கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு மைனி சொல்லியிருந்தார். அவர் பேசிவிட்டுப் போகிறவர் இல்லை, ராத்திரி வந்து கிண்ணத்தைக் கழுவித் தருவார். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் நேராக மார்பில் குடித்தான்.

குலசேகரத்திலிருந்து:

எல்லாரும் நல்லது நடந்ததையே சொல்கிறீர்கள். எனக்கு வரவில்லை. டாக்டர் சொல்லித்தான் பால்பவுடர் கொடுத்தேன். என்னைப் பார்க்க வந்த ஒரு பெண் அந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வை போதும். அந்த டப்பாவிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று சட்டப்படி அச்சடித்திருக்கிறது. 1992-இல் வந்த சட்டமாம். அதை எனக்கு வாசித்துக் காட்ட வீடு தேடி ஆள் வர வேண்டாம். இதற்கு மேல் “கிரகணத்தில் வெளியே போனியா” என்று சொந்தக்காரர்கள் வேறு.

தக்கலையிலிருந்து:

அப்படி வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன் தங்கச்சி. உதவிக்கு வந்தவள் முதலில் கேட்க வேண்டியது “நீ சாப்பிட்டியா, தூங்குனியா” என்பதைத்தான். டப்பா எதற்கு அவருக்கு.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:

குலசேகரத்துத் தங்கைக்கு முதலில். 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக வருவதற்கும் கிரகணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொந்தக்காரர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லு.

மற்றவர்களுக்குச் சில விஷயம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். பால் போகிறதா என்பதற்கு வீட்டில் இதைவிட நல்ல கணக்கு இல்லை. எடை இவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும், டவுன் சிண்ட்ரோமுக்கென்று தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அழாதீர்கள். ஆனால் “இந்தக் குழந்தைகள் இப்படித்தான்” என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. எழுப்பவே முடியாத தூக்கம், மலச்சிக்கல், மஞ்சள் காமாலை இறங்காமல் நிற்பது எல்லாம் சேர்ந்தால் தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், இவர்களுக்கு அந்தக் குறை அதிகம் வரும். பச்சையாக வாந்தி எடுத்தால் பால் யோசனையெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளும் வருகிறார்கள். அங்கன்வாடியிலோ செவிலியரிடமோ சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள்.

கருங்கலிலிருந்து:

நான் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறவள். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கான சட்டத்தில் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு என்பது எனக்கே ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. காலையில் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போவேன், வெளியில் நாலு மணி நேரம் தாங்கும். அம்மா பாலாடையில் கொடுப்பார். மகளுக்கு டவுன் சிண்ட்ரோம்தான், இப்போது மீன்குழம்பு கேட்கிறாள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

எனக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம். எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கன்னத்தைப் பிடிக்கிற முறை எனக்கு வரவே இல்லை, கை நடுங்குகிறது. யாராவது வர முடியுமா?

தக்கலையிலிருந்து:

வாசித்தால் வராது மக்களே, பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். நாளைக்கு வருகிறேன். நீ எத்தனை மணிக்குப் பால் கொடுப்பாய் என்று மட்டும் சொல், அந்த நேரத்துக்கு வந்து முழுசாக இருந்துவிட்டுப் போகிறேன். பாலாடை இல்லையென்றால் சொல், கொண்டுவருகிறேன்.