இரண்டே நாள், தெரியாத ஊர்: உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: பயணப்பை

வணக்கம். இதுவரை போகாத, மொழியும் தெரியாத ஒரு நகரத்துக்கு நாலு பேர் போகிறோம். முழுசாகக் கையில் இருப்பது இரண்டு நாள். ஒருவர் சுத்த சைவம். அம்மாவால் அதிக தூரம் நடக்க முடியாது, படியேறுவதும் சிரமம். 'கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து இடங்கள்' என்று தேடினால் எல்லாப் பக்கத்திலும் அதே பெயர்கள்தான் வருகின்றன. மேப்பைத் திறந்தால் எல்லாக் கடைக்கும் 4.3, 4.5 என்று ஸ்டார். எதை நம்புவது, எதை விடுவது? ஆடம்பர ஓட்டல் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் வழக்கமாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் இடம் போதும். எதை முன்பே புக் செய்ய வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நடைவழி

முதலில் வேளையை எண்ணுங்கள். மதியம் இரண்டு, இரவு இரண்டு. காலை உணவு தங்குமிடத்திலேயே முடியும் என்றால் தேட வேண்டியது நாலே கடைதான். அந்தந்த வேளையில் ஊரின் எந்தப் பகுதியில் இருப்பீர்கள் என்று மேப்பில் குறியுங்கள். அங்கிருந்து 500 மீட்டருக்குள் ஒரு கடை, அது மூடியிருந்தால் போக இன்னொரு கடை. ஆக மொத்தம் எட்டு. இதைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பது பயணத்தில் இரட்டிப்பு உண்மை. நாலு பேரும் பசியோடு தெருவில் நின்று போனைத் தடவினால் கண்ணில் படும் முதல் கடைக்குள்தான் நுழைவீர்கள். சுற்றுலா இடங்களின் வாசலில் உள்ள கடைகள் அந்தப் பசியை நம்பித்தான் நடக்கின்றன. வாடகை அதிகம், வந்தவர் மறுபடி வரப்போவதில்லை. நன்றாகச் சமைத்தே ஆக வேண்டிய நெருக்கடி அங்கே குறைவு.

தேடும்போது 'பெஸ்ட் ரெஸ்டாரன்ட்' என்று ஆங்கிலத்தில் போடாதீர்கள். ஆங்கிலத்தில் தேடுபவர்களிடையே பிரபலமான கடைகள்தான் முன்னால் வந்து நிற்கும். அந்த ஊரில் தினமும் சாப்பிடும் பதார்த்தம் ஒன்றின் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே மொழிபெயர்ப்பு ஆப்பில் எடுத்து, அப்படியே மேப்பில் ஒட்டித் தேடுங்கள். தெரு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு 'இந்தப் பகுதியில் தேடு' என்பதை மறுபடி அழுத்துங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது மேப் எல்லாக் கடையையும் காட்டாது. சின்னக் கடைகள் கிட்டே போனால்தான் தலைகாட்டும். விளம்பரம் என்ற அடையாளத்தோடு மேலே நிற்பவற்றைத் தாண்டிப் போங்கள்.

அடுத்தது ஸ்டார். எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், எத்தனை பேர் போட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு எளிய கணக்கு: ஒவ்வொரு கடைக்கும் 4.0 ஸ்டாரில் 100 கற்பனை ரிவ்யூக்களைக் கூட்டிச் சராசரி எடுங்கள். 60 பேர் போட்ட 4.8 அப்போது 4.3 ஆகிவிடும். 1500 பேர் போட்ட 4.4, ஏறக்குறைய 4.38-லேயே நிற்கும். முதல் பார்வையில் பின்தங்கிய கடை முந்திவிட்டது, பாருங்கள். குறைவான ரிவ்யூ என்றால் கடை மோசம் என்று அர்த்தமில்லை, அந்த 4.8-ஐ நம்பும் அளவுக்கு இன்னும் சான்று சேரவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு முடிந்தபின் எழுத்தைப் படியுங்கள். 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி கடைசி மூன்று மாதத்தைப் பாருங்கள். சமையல்காரரோ உரிமையாளரோ மாறியிருந்தால் பழைய ஸ்டார் வேறொரு கடையின் ஸ்டார். ஐந்து ஸ்டார்காரர் புகழ்வார், ஒரு ஸ்டார்காரர் பெரும்பாலும் பில்லையோ காத்திருப்பையோ திட்டுவார். மூன்று ஸ்டார் போட்டவர்தான் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று பிரித்துச் சொல்வார். ரிவ்யூவுக்குள்ளேயே தேடும் வசதி இருக்கிறது. பதார்த்தத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பலர் ஒரே பதார்த்தத்தைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் அந்தக் கடையில் அதைத்தான் கேட்க வேண்டும்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளம்: ஒரே வாரத்தில் கொத்தாக வந்து விழும் ஐந்து ஸ்டார்கள், எழுதியவர்களின் கணக்கில் வேறு ரிவ்யூவே இல்லை, சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லாமல் பரிமாறியவரின் பெயர் மட்டும் இருக்கிறது. இது பெரும்பாலும் மேசையிலேயே கேட்டு வாங்கியது. இதற்கெல்லாம் காரணம் பணம். 2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா, யெல்ப் என்ற அமெரிக்க ரிவ்யூ தளத்தை வைத்து ஆராய்ந்து, ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். அந்தப் பலன் தனிக்கடைகளுக்குத்தான், ஒரே பெயரில் பல கிளைகள் வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளுக்கு இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தன் வீட்டுக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்தில் பதிந்து, பொய் ரிவ்யூக்களாலேயே லண்டனின் முதலிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே உணவகமே கிடையாது. ஆகவே முதலிடம் என்ற பட்டத்துக்குத் தனி மதிப்பு கொடுக்க வேண்டாம்.

பதில்: மதியப்பந்தி

நடைவழி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஸ்டாரைவிட நேரத்துக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். நல்ல கடையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் தவறான நேரத்தில் போய் நிற்பதுதான் குறுகிய பயணங்களில் அதிகம் நடப்பது.

கூகுள் மேப்பில் கடையின் கீழே 'கூட்டம் அதிகமான நேரம்' என்று பட்டை வரைபடம் வரும். அதில் உள்ள உயரம் அந்தக் கடையின் சொந்த உச்சத்தோடு ஒப்பிட்ட உயரம். இரண்டு கடைகளின் பட்டையை அருகருகே வைத்து எதில் ஆள் அதிகம் என்று சொல்ல முடியாது. அதன் வடிவத்தைப் பாருங்கள். வார நாளில் மதியம் ஒரு மேடு, இரவு ஒரு மேடு, நடுவில் பள்ளம் என்று இருந்தால் அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்களும் குடியிருப்பவர்களும் வந்துபோகும் கடையாக இருக்க வாய்ப்பு அதிகம். காலை பதினொன்றிலிருந்து மாலை வரை ஒரே சீராக நிரம்பியிருந்தால் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் கடை.

இதிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கும். வார நாள் மதியத்துக்கு அலுவலகங்கள், நீதிமன்றம், பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, மொத்தச் சந்தை ஆகியவற்றைச் சுற்றித் தேடுங்கள். தினமும் வருபவர்களுக்குச் சமைப்பதால் விலையை ஏற்றவும் முடியாது, தரத்தை இறக்கவும் முடியாது. அதே தெருக்கள் வார இறுதியில் வெறிச்சோடிவிடும். அன்றைக்குக் குடியிருப்புப் பகுதிதான் சரி. உங்கள் இரண்டு நாளும் எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள்.

மேப்பில் போட்டிருக்கும் மூடும் நேரம் கதவு மூடும் நேரம். அடுப்பு அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே அணைந்துவிடலாம். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே சமையலறையை மூடும் ஊர்களும் உண்டு. வார விடுமுறை நாளையும் கடையின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கடை திறந்த முதல் இருபது நிமிடத்துக்குள் போய்விட்டால் புக்கிங் இல்லாமலே நாலு பேருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அம்மா வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

இன்னொன்று, எல்லா நாட்டிலும் கூகுளைப் பார்த்துச் சாப்பிடப் போவதில்லை. ஜப்பானில் தபெலாக், சீனாவில் தியான்பிங், கொரியாவில் நேவர் மேப். அளவுகோலும் மாறும். தபெலாக்கில் 3.5 என்பதே நல்ல மதிப்பெண். நம் பழக்கத்தில் பார்த்தால் அதை ஒதுக்கிவிடுவோம்.

பதில்: உப்புக்கல்

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் இந்தக் குழுவின் முதல் வடிகட்டி. பல ஊர்களில் சைவம் என்று கேட்டால் இறைச்சித் துண்டு கண்ணில் படாத தட்டு வரும். அடியில் இருக்கும் சாறு எலும்பிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கும். 'சைவமா?' என்று கேட்டு ஆமாம் என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். உள்ளூர் மொழியில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி, கோழி, மீன், இவற்றின் சாறு, இவற்றின் கொழுப்பு, மீன் கலந்த விழுதுகள் எதுவும் கூடாது, முட்டை, பால் கூடுமா கூடாதா. இயந்திர மொழிபெயர்ப்பை ஒருமுறை திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால் பெரிய பிழைகள் தெரிந்துவிடும். உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள். ஆர்டர் எடுப்பவர் சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தால் நம்பலாம். நின்ற இடத்திலேயே தலையாட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடுவது நல்லது. சைவக் கடைகளைத் தேட ஹேப்பிகௌ என்ற ஆப் பல நாடுகளில் பயன்படும்.

படி இருக்கிறதா என்பதற்கு ரிவ்யூவைத் தேட வேண்டாம். மேப்பில் உள்ள தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) வாசலைப் பாருங்கள். உள்ளே எடுத்த போட்டோக்களில் நாற்காலி உயரம், மேசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, கழிப்பறை மாடியிலா என்பதுகூடத் தெரியும். முக்காலி மட்டும் உள்ள கடை, நாலு பேர் சேர்ந்து உட்கார முடியாத கடை எல்லாம் இங்கேயே கழிந்துவிடும். அதே போட்டோக்களில் மெனு அட்டை இருந்தால் எப்போது எடுத்தது என்று தேதியைப் பாருங்கள், விலை அதற்குப் பிறகு ஏறியிருக்கும்.

தெருவோரக் கடையில் சாப்பிடுவதானால் வெப்பத்தைக் கவனியுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, சமைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. கண்ணெதிரே அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவது, பாத்திரம் வேகமாகக் காலியாகி மறுபடி நிரம்புவது இரண்டும் இருந்தால் நல்லது. ஆறிப்போய்க் குவிந்திருப்பதை வயதானவர்களுக்கு வாங்கித் தர வேண்டாம்.

பயணப்பை

மிக்க நன்றி. எட்டுக் கடைக் கணக்கு மனசுக்குத் தெளிவாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். எந்த வேளையைப் புக் செய்வது? குறித்த கடையும் மாற்றுக் கடையும் சேர்ந்து கைவிட்டால் என்ன செய்வது?

பதில்: நடைவழி

புக்கிங் ஒரே ஒரு இரவுக்குப் போதும், அதுவும் இரண்டாம் நாள் இரவு. முதல் நாள் வண்டியோ விமானமோ தாமதமானால் புக்கிங் வீணாகும். சில இடங்களில் கார்டில் பணமும் பிடிப்பார்கள். போனில் கூப்பிடுவதானால் மதியக் கூட்டம் அடங்கி இரவு வேலை சூடுபிடிப்பதற்கு முன், அந்த ஊர் நேரப்படி கூப்பிடுங்கள். மொழிச் சிக்கல் என்றால் தங்குமிட வரவேற்பறையில் கேளுங்கள், செய்து தருவார்கள். ஆனால் எங்கே சாப்பிடலாம் என்பதை அங்கே கேட்க வேண்டாம், கமிஷன் கலந்த பதிலாக இருக்கலாம்.

இரண்டும் கைவிட்டால் கேட்க வேண்டிய ஆள், பக்கத்து மருந்துக்கடையிலோ துணிக்கடையிலோ நிற்பவர். 'நல்ல ஓட்டல் எது?' என்று கேட்டால் வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கும் இடத்தைக் காட்டுவார். 'நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?' என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் யோசிக்காமல் போகலாம். 'நானே கூட்டிப்போகிறேன்' என்று சொல்பவரோடு போக வேண்டாம். கேட்க ஆளில்லையா, பிரதான சதுக்கத்தை விட்டு இரண்டு தெரு உள்ளே போய், மெனு குட்டையாகவும் உள்ளூர் மொழியில் கையால் எழுதியும் இருக்கும் கடையைப் பாருங்கள். ஆறு மொழியில் நூறு பதார்த்தம் போட்ட அட்டையோடு வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடையைத் தாண்டிவிடுங்கள். படம் போட்ட மெனு மட்டும் எல்லா ஊரிலும் கெட்ட அடையாளம் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கே படத்தோடு மெனு கொடுக்கும் ஊர்களும் இருக்கின்றன.

எட்டுக் கடையின் பெயரையும் முகவரியையும் உள்ளூர் எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் டாக்ஸிக்காரரிடம் அதைக் காட்டினால் போதும், அம்மா நடக்க வேண்டியிருக்காது.

பதில்: மதியப்பந்தி

பில் கொடுக்கும்போது ஒன்று: வெளிநாடாக இருந்தால் கார்டு மெஷின் நம் நாட்டுப் பணத்திலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்கலாம். உள்ளூர்ப் பணத்தை அழுத்துங்கள். நம் பணத்தில் மாற்றித் தருவது அந்த மெஷின் வைக்கும் விகிதத்தில். அது பெரும்பாலும் நம் வங்கி விகிதத்தைவிட மோசமாக இருக்கும். கேட்காமலே மேசைக்கு வரும் தின்பண்டத்துக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் காசு உண்டா என்று தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.