ஓடைச் சரிவில் விழுந்த சில்வர் ஓக் கட்டையும் அதில் முளைத்த மரக்காளானும்

தாண்டிக்குடியில் எங்களுக்கு ஒரு சிறிய காப்பித் தோட்டம் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் கீழ்ப்பழனி மலையைக் கடந்தபோது, நிழலுக்காக நட்டிருந்த சில்வர் ஓக் மரங்களுள் நான்கு சாய்ந்தன. மூன்றை விற்றுவிட்டோம், ஓடைச் சரிவில் கிடந்த நான்காவதை மேலே ஏற்றும் கூலி மரத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டாம் மழைக்காலத்தில் அதன் பட்டை வெடிப்புகளிலிருந்து சிறு விசிறிகள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகக் கிளம்பின. சாம்பல், பழுப்பு, கருநீலம் என வளையம் வளையமாக நிறம் மாறி, வளரும் விளிம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. வான்கோழி வால் எனப்படும் ட்ராமீட்டீஸ் வெர்சிகலர் என்றே முடிவு செய்தேன். ஆனால் முதலில் பறித்ததன் அடிப்புறம் துளையே இல்லாமல் வழவழப்பாக இருந்தது. அது ஸ்டீரியம் என்னும் வேறொரு பேரினம். இரண்டு முழம் தள்ளி இருந்த கொத்தில்தான், கைலென்ஸ் வைத்துப் பார்த்தபோது, மில்லிமீட்டருக்கு மூன்று நான்காக ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரிந்தன. மேற்புறப் படத்தை மட்டும் காட்டிப் பெயர் கேட்பவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை.

மற்ற மரங்களுக்கும் பரவிவிடும் என்று அஞ்சிய அப்பா, அவற்றைக் கத்தியால் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன்; அடுத்த மழைக்கு அதே இடத்தில் மீண்டும் வந்தன. காளானின் உடல் கட்டைக்குள் நுண்ணிய இழைகளாக ஓடிக்கொண்டிருக்க, வித்துகளை உதிர்க்கும் உறுப்பைத்தான் நான் சுரண்டியிருக்கிறேன். மேலும், இது பெரும்பாலும் செத்த மரத்தைத் தின்பது. அப்பாவின் அச்சத்துக்கு அவ்வளவு இடமில்லை.

2021-இல் அடுப்புக்காக அந்தக் கட்டையின் ஒரு பாதியை ரம்பத்தால் அறுத்தோம். வெட்டுமுகம் முழுவதும் மெல்லிய கருங்கோடுகள், சர்வேயர் வரைந்த புலப்படம் போல, வளைந்து வளைந்து ஓடின. முதலில் ஏதோ கறை என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது: ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு தனிக் காளான் குடியிருக்கிறது, பக்கத்தில் இருப்பது தன் இனமே ஆனாலும் வேறு உயிர் என்றால் அதனுடன் கலக்காமல் இடையில் ஒரு கருஞ்சுவர் எழுப்பிக்கொள்கிறது. வரப்புத் தகராறு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

அறுத்த துண்டு வெளிறி, நார் நாராக, எடையே இல்லாமல் இருந்தது. மரத்தின் செல்லுலோஸுடன் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையும் இந்தக் காளான் சிதைத்துவிடுவதே காரணம்; இதை வெள்ளை அழுகல் என்பார்கள். பைன் கட்டைகள் சில செம்பழுப்பாகக் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேறு வகைக் காளான் செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் மீதி வைத்திருக்கிறது.

தோட்டத்துக்கு வேலைக்கு வரும் அக்கா அந்தத் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்த உடனேயே, “இத்துப்போன கட்டை தம்பி, பத்தும், ஆனா கனல் நிக்காது” என்றார். அப்படியே ஆனது. எரிய வேண்டியதில் பெரும்பங்கைக் காளான் முன்பே தின்று கரியமில வாயுவாக வெளியேற்றிவிட்டிருந்தது.

மீதிப் பாதியைச் சரிவிலேயே விட்டிருக்கிறேன். சென்ற ஐப்பசியில் போய்ப் பார்த்தபோது விசிறி ஒன்றுகூட இல்லை. பாசி மூடியிருந்தது, அடியில் மரவட்டைகள் சுருண்டு கிடந்தன, விரலால் அழுத்திய இடத்தில் தண்ணீர் கசிந்தது.